சீனி திரும்பி வந்த ஆண்டு: பிரிட்டன் பங்கீட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1953 பிப்ரவரி 5 அன்று பிரிட்டனில் மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் இருந்த பங்கீடு, அதாவது ரேஷன், நீங்கியது. காசைக் கையில் பொத்திக்கொண்டு பிள்ளைகள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942இல் வந்த கட்டுப்பாடு அது. நடுவில் 1949 ஏப்ரலில் ஒருமுறை தளர்த்திப் பார்த்தார்கள். இருப்பு தாங்கவில்லை, ஆகஸ்டிலேயே மறுபடி கூப்பன் வந்துவிட்டது. அதனால் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் பலருக்குக் கேட்ட அளவு மிட்டாய் வாங்குவதே புதுப் பழக்கம். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று, 1940 ஜனவரியிலிருந்து தொடர்ந்து வந்த சீனிப் பங்கீடும் முடிந்தது.

அந்தத் தேதிக்குச் சற்று முன்பும் பின்பும் கருவில் உருவான பிள்ளைகள்தான் இந்த ஆய்வின் மையம். அவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், ஓய்வு பெறும் வயதுக்கு வந்த பிறகு, எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். உணவு நம் பிற்கால நோயை எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான வெளிச்சம் தருவது இந்த நிகழ்வுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். உணவில் போடும் இனிப்பை இங்கே சீனி என்கிறேன். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸுக்கு மட்டும் சர்க்கரை. தானியத்திலும் கிழங்கிலும் இருப்பது மாவுச்சத்து. சீனி, மாவுச்சத்து, நார்ச்சத்து மூன்றுக்கும் பொதுப்பெயர் கார்போஹைட்ரேட். "கார்போஹைட்ரேட் கெடுதல்" என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது ஏன் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனி குறைவாகச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் நடைப்பயிற்சி போகிறவராகவும், புகைக்காதவராகவும், வருமானம் உள்ளவராகவும் இருப்பார். அவருக்கு நோய் வராததற்குச் சீனிதான் காரணமா, மற்றவை காரணமா? சரி, சோதனையாகவே செய்யலாம் என்றால், கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிறையச் சீனி கொடுத்து, பிள்ளைகளை அறுபது ஆண்டு கவனிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பிரிட்டனில் அந்தப் பிரிப்பை ஒரு அரசாணையின் தேதி செய்துவிட்டது. அந்தத் தேதியை மனதில் வைத்து யாரும் கருத்தரிக்கவில்லை.

பங்கீட்டுத் தட்டில் இருந்தவை

பங்கீடு என்றதும் பசி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம்.

போர் நடந்த ஆண்டுகளில் பிரிட்டனில் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் பங்கீடே கிடையாது. ரொட்டிக்குப் பங்கீடு வந்தது போருக்குப் பிறகு, 1946 முதல் 1948 வரை. அதாவது மாவுச்சத்து வயிறு நிறையவே கிடைத்தது. அந்த ரொட்டியும் வெள்ளை ரொட்டி அல்ல. கப்பலில் வரும் கோதுமையை மிச்சப்படுத்த, 1942இலிருந்து தானியத்தின் 85 சதவீதத்தை மாவாக எடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. தவிட்டில் ஒரு பகுதியும் முளையும் மாவோடு சேர்ந்தே வந்தன. சாம்பல் நிறத்தில் இருந்த அந்த 'தேசிய ரொட்டி' மக்களுக்குப் பிடிக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நார்ச்சத்து அவர்களைக் கேட்காமலே உள்ளே போனது.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை நிறத்தில் தனிப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. பாலிலும் முட்டையிலும் பழத்திலும் அவர்களுக்கே முன்னுரிமை. ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் தனியாகக் கொடுத்தார்கள். வலுவில்லாதவருக்கு முதலில் என்ற அந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது.

சீனி சிறிய அளவுதான். காலத்துக்குக் காலம் மாறினாலும் ஒருவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். மிட்டாய்ப் பங்கையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 40 கிராம் சொச்சம் வரும். இன்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்க்கும் சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் 2015 பரிந்துரை. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். ஆக, போர்க்காலப் பிரிட்டன் தன்னையறியாமல் இன்றைய வழிகாட்டுதலின்படி சாப்பிட்டது. பங்கீடு நீங்கியதும் சராசரிச் சீனி உட்கொள்ளல் சுமார் 41 கிராமிலிருந்து 80 கிராமுக்குத் தாவியது, ஏறக்குறைய இரட்டிப்பு.

எண்ணியது எப்படி

2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்து உருவாக்கிய ஆரோக்கியத் தரவுத் தொகுப்பு யூகே பயோபேங்க். டாடெயா கிராச்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதிலிருந்து 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த 60,183 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 38,000 பேர் கருவிலோ குழந்தைப் பருவத்திலோ கொஞ்ச காலமாவது பங்கீட்டுக்குள் இருந்தவர்கள். மீதி சுமார் 22,000 பேர் பங்கீடு முடிந்த பிறகே கருவானவர்கள். முடிவுகள் 2024இல் சயின்ஸ் இதழில் வெளியாயின.

அவர்கள் கவனம் வைத்தது முதல் ஆயிரம் நாட்கள் மீது. கருவில் சுமார் 270 நாள், அப்புறம் இரண்டாவது பிறந்தநாள் வரை 730 நாள். அந்தக் காலத்தில் சீனி குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் தாமதமாகவே வந்தது: சர்க்கரை நோய் 4 ஆண்டும், ரத்த அழுத்தம் 2 ஆண்டும் தள்ளிப்போயின. கருவில் இருந்தபோது மட்டுமே பங்கீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் பலன் இருந்தது, மொத்தப் பலனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிறந்த பிறகு எவ்வளவு மாதம் பங்கீடு நீடித்ததோ அவ்வளவுக்குப் பலன் கூடியது. அதிலும் ஆறு மாதத்துக்குப் பிறகு, திட உணவு தொடங்கும் கட்டத்தில், கூடுதல் தெளிவாகத் தெரிந்தது.

35 சதவீதம் குறைவு என்றால் நூறில் 35 பேர் தப்பித்தார்கள் என்று பொருளல்ல. கணக்குக்காகச் சொன்னால், நூறு பேரில் பத்துப் பேருக்கு வரவேண்டியது ஆறு அல்லது ஏழு பேருக்கு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை அந்த நான்கு ஆண்டுத் தாமதம்தான் பெரிய செய்தி. கண், சிறுநீரகம், பாத நரம்பு இவற்றில் வரும் பாதிப்பு, நோயோடு எத்தனை ஆண்டு வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐம்பத்தைந்தில் வரவேண்டியது ஐம்பத்தொன்பதில் வந்தால், ஒருவர் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் ஆண்டுகளில் நான்கு நோயில்லாமல் கழிகின்றன.

உடலுக்குள் நடப்பது

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் ரத்தத்துக்கு வந்ததும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்புகிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. ஆற்றல் ஏற்கெனவே மிஞ்சியிருக்கும்போது அது மேலும் மேலும் வந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டும். சிலருக்குப் பத்து ஆண்டு ஈடுகட்டும், சிலருக்கு முப்பது ஆண்டு. அது களைத்துப்போகும் நாளில்தான் பரிசோதனைத் தாளில் எண் ஏறுகிறது.

முழுத் தானியத்தில் இருக்கும் மாவுச்சத்தும் கடைசியில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஆனால் தோலும் நாரும் அதைச் சுற்றியிருப்பதால் நொதிகள் உள்ளே போகவே நேரம் எடுக்கும். சர்க்கரை சீராக ஏறி இறங்கும், வயிறு சீக்கிரம் நிறைந்த உணர்வும் வரும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்கு நார்தான் சாப்பாடு. திரவத்தில் கரைந்த சீனியில் இந்தத் தடை எதுவும் இல்லை. குடித்த கலோரிக்கு ஈடாக அடுத்த வேளை உணவையும் நாம் அவ்வளவாகக் குறைப்பதில்லை.

கருவின் விஷயம் வேறு. நஞ்சுக்கொடி வழியே குளுக்கோஸ் எளிதாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. தாயின் ரத்தச் சர்க்கரை ஏறினால் குழந்தையின் இளம் கணையமே கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிக்க வேண்டும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருக்கும்போது குழந்தை ஏன் பெரிதாகப் பிறக்கிறது என்பதை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இப்படி விளக்கினார். நோயில்லாத தாய் சீனி மட்டும் கூடுதலாகச் சாப்பிட்டால் அதே வேலை சிறிய அளவில் நடக்கிறதா என்பது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம்.

சுவையும் ஒரு வழி. இனிப்பை விரும்பியே குழந்தை பிறக்கிறது. தாய் சாப்பிடுவதன் மணம் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலக்கிறது. 2001இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை பின்னால் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஆறாம் மாதத்தில் ஒவ்வொரு கரண்டியும் இனிப்பாகவே வந்தால், உணவு என்றாலே இனிப்பு என்று நாக்கு பதிந்துகொள்ளும். ஆறு மாதத்துக்குப் பிறகு பலன் கூடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

கருவில் குறைவாகக் கிடைத்தால் நல்லது என்று யாராவது இதைப் படித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. அதே போரில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1944–45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. அங்கே ஒருவருக்குக் கிடைத்த நாள் பங்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்கள் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. பஞ்சத்தில் உருவான உடல் சிக்கனத்துக்குப் பழகிவிட்டு, பின்னால் வந்த தாராளத்தில் தடுமாறியது.

இரண்டையும் அருகருகே வையுங்கள். பிரிட்டனில் சீனி குறைவு. பாலும் ரொட்டியும் கிழங்கும் இருந்தன. நெதர்லாந்தில் எல்லாமே குறைவு. முதலாவது காத்தது, இரண்டாவது கெடுத்தது. கர்ப்பகாலத்தில் உணவையே குறைப்பதும் மாவுச்சத்தை அடியோடு விடுவதும் இந்த நிகழ்விலிருந்து எடுக்கக்கூடிய பாடமே அல்ல.

எனக்கு உள்ள சந்தேகங்கள்

யார் எவ்வளவு சீனி சாப்பிட்டார் என்று ஒருவரின் தட்டையும் யாரும் அளக்கவில்லை. பிறந்த மாதத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். யூகே பயோபேங்க் சுமார் 92 லட்சம் பேரை அழைத்தது, வந்தவர்கள் 5.5 சதவீதம்தான். அப்படி முன்வருகிறவர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமானவர்கள், வசதியும் கூடியவர்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தச் சில மாதங்களில் சீனி மட்டுமா திரும்பி வந்தது? முட்டை 1953 மார்ச்சில் பங்கீட்டிலிருந்து விடுபட்டது. வெண்ணெயும் கொழுப்பும் 1954 மே மாதம், இறைச்சி ஜூலை மாதம். வெள்ளை மாவுக்கான அனுமதியும் 1953இல்தான் திரும்பியது. சீனியின் தாவல் பெரியது, திடீரென்று வந்தது, அதனால் அதன் தடம் தெளிவாகத் தெரியும் என்பது ஆய்வாளர்களின் வாதம். ஏற்கத்தக்க வாதம்தான். ஆனாலும் வெள்ளை மாவின் பங்கு பூச்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, பின்னால் பிறந்தவர்கள் உடல் பருமன் பரவிய காலத்தைச் சற்று இளம் வயதிலேயே சந்தித்தவர்கள். இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் அது பெரிய வித்தியாசம் ஆகாது, ஆனால் முழுவதும் ஒதுக்கவும் முடியாது. இவ்வளவையும் கூட்டிக் கழித்த பிறகு, திசை சரி என்று நம்புகிறேன். மாதம் கூடக் கூடப் பலன் கூடியது என்ற ஒழுங்குதான் என்னை நம்ப வைத்தது. 35 என்ற எண்ணின் மீது மட்டும் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆயிரம் நாளைக் கடந்துவிட்ட நமக்கு

இதைப் படிக்கிற எல்லோரும் அந்த ஆயிரம் நாட்களை எப்போதோ கடந்தவர்கள். கதவு மூடிவிட்டதா என்றால் இல்லை.

2018இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு 45 முதல் 64 வயதுக்குட்பட்ட 15,428 பேரைச் சுமார் 25 ஆண்டு பின்தொடர்ந்தது. மொத்த ஆற்றலில் 50 முதல் 55 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து எடுத்தவர்களிடம் மரண விகிதம் மிகக் குறைவு. 40க்குக் கீழே போனவர்களிடமும் 70க்கு மேலே போனவர்களிடமும் கூடுதல். கார்போஹைட்ரேட்டைக் குறைத்தவர்கள் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதும் கணக்கில் வந்தது. இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு ஆபத்து கூடியது. பருப்பு, கொட்டை போன்றவற்றால் நிரப்பியவர்களுக்குக் குறைந்தது. இது மக்கள் சாப்பிடுவதைக் கவனித்துக் குறித்துக்கொண்ட ஆய்வுதான், சோதனை அல்ல. ஆனால் 2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பு 185 தொடர் ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் எல்லாமே குறைவு. நாளைக்கு 25 முதல் 29 கிராம் நார் எடுத்தவர்களிடம் பலன் நன்றாகவே தெரிந்தது. அளவைவிட வகை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதை எனக்கு உறைக்க வைத்தது டைரெக்ட் என்ற பிரிட்டிஷ் சோதனை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் உள்ள கரைசலைச் சில மாதங்கள் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை அளவு நோய் எல்லைக்குக் கீழே வந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. அந்தக் கரைசலில் ஆற்றலில் 59 சதவீதம் கார்போஹைட்ரேட்தான்! கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததும் உடல் பழைய வேலைக்குத் திரும்பியது. கார்போஹைட்ரேட்டைக் குறைத்தும் அந்த எடைக்குறைவை அடையலாம், பலருக்கு அதுவே எளிய வழி. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை வெட்டினால் சர்க்கரை அபாயகரமாக விழும். மருந்தின் அளவையும் கூடவே குறைக்க வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்களிடம் மட்டும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வயது வரை குழந்தையின் உணவில் சீனி சேர்க்காதீர்கள். பழத்தைப் பழமாகவே கொடுங்கள், சாறாக வேண்டாம். குழந்தைகளுக்கென்று விற்கும் பொடிகளிலும் கூழ்களிலும் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். சீனி, தேன், பழச்சாற்று அடர்வு, மால்ட் சாறு என்று பல பெயரில் அது உட்கார்ந்திருக்கும். ஒரு வயதுக்குள் தேன் எந்த வடிவிலும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தைக்கு ஆபத்து. குழந்தை ஒரு புதுச் சுவையைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்துத் தடவைகூட ஆகலாம், பழகிவிடும்.

தாய்மாரின் மேல் மட்டும் இந்தப் பாரத்தைப் போடுவதும் எனக்கு ஏற்பில்லை. 1953க்கு முன் அந்தப் பெண்கள் மன உறுதியால் சீனியைக் குறைக்கவில்லை. அலமாரியில் அவ்வளவுதான் இருந்தது. தட்டுக்கு என்ன வருகிறது என்பதை அரசின் விதியும் உணவு நிறுவனங்களின் செய்முறையும் தீர்மானிக்கின்றன. 2018 ஏப்ரலில் பிரிட்டன் குளிர்பானங்களில் உள்ள சீனியின் அளவைப் பொறுத்து வரி விதித்தது. 100 மில்லியில் 5 கிராமைத் தொட்டால் வரி, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. வரி அமலுக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டன.

1953ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள், அவர்களைப் பற்றிய கணக்கு இன்னும் நடக்கிறது. 2025இல் வேறொரு குழு அதே பிறப்புத் தேதிகளை வைத்து இதய நோயைப் பார்த்தது. கருவிலும் பிறந்த பின் ஓராண்டுக்கு மேலும் பங்கீட்டுக்குள் இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது.